கடைசிச் சம்பளத் தாளை எழுதுபவர்களுக்கு

காரைக்கால் பாரதியார் வீதி ஜவுளிக்கடைகளிலும், திருநள்ளாறு விடுதிகளிலும், தனியார் பள்ளி அலுவலகங்களிலும், ஆஸ்பத்திரி பில்லிங் கவுண்டர்களிலும், வாஞ்சூர்ப் பக்கத்து கான்ட்ராக்டர் ஆபீஸ்களிலும், ஆடிட்டர்களின் பின்அறைகளிலும் உட்கார்ந்து கணக்கு எழுதும் நண்பர்களுக்கு,



இந்த மடலை முதலாளிகளுக்கு எழுதியிருக்கலாம். எழுதினால் அவர்கள் உங்களைக் கூப்பிட்டு, "இது என்னன்னு பாருப்பா" என்று மேசையில் போடுவார்கள். தொழிலாளர்களுக்கு எழுதலாம் என்றால், வேலையை விடும் நாளில் அவர்கள் வந்து நிற்பதும் உங்கள் மேசைக்கு முன்னால்தான். எப்படிச் சுற்றினாலும் உங்களிடம் வரப்போகிற கடிதம். அதனால் நேராகவே அனுப்புகிறேன்.

நம்மூரில் ஒருவர் வேலையை விட்டால் அவர் கையெழுத்துப் போடும் தாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "கணக்கு முடித்து ரூ. ... ரொக்கமாகப் பெற்றுக்கொண்டேன். இனி எனக்கு நிறுவனத்திடமிருந்து எந்தப் பாக்கியும் இல்லை." கீழே ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் மேல் குறுக்கே கையெழுத்து. ஒரே ஒரு தொகை. அது எங்கிருந்து வந்தது, எதை எதால் பெருக்கி வந்தது, எதைக் கழித்து வந்தது, எதுவும் இருக்காது. மளிகைக் கடையில் நூறு ரூபாய்க்குச் சாமான் வாங்கினால்கூட வரிவரியாகப் பில் தருகிற காலத்தில், ஏழு வருட உழைப்புக்கு ஒற்றை வரி. என் கோரிக்கை சின்னது. அந்தத் தாளில் தொகைக்கு மேலே கணக்கையும் எழுதுங்கள்.

ஏன் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு. ஜவுளிக்கடை பில்லிங்கில் ஒரு பெண். 2019 ஜூன் 1-ஆம் தேதி சேர்ந்தார், 2026 ஜனவரி 31-ஆம் தேதி விலகினார். மாதச் சம்பளம் 20,000 ரூபாய். உங்கள் சம்பளப் பதிவேட்டில் அது அடிப்படைச் சம்பளம் 8,000, வீட்டு வாடகைப் படி 8,000, போக்குவரத்துப் படி 4,000 என்று மூன்றாக உடைந்திருக்கிறது. கிராஜுவிட்டி எவ்வளவு?

உங்களில் ஒருவர் இப்படிப் போடுவார்: அடிப்படை 8,000. அதை முப்பதால் வகுத்து பதினைந்து நாளுக்கு 4,000. ஆறு வருடம் முடிந்திருக்கிறது, ஆக 24,000. பார்த்தால் குற்றம் சொல்ல முடியாத கணக்கு. முதலாளியும் தலையாட்டுவார். அந்தப் பெண்ணும் "சரிங்க சார்" என்று கையெழுத்திடுவார். ஆனால் அவருக்குச் சட்டப்படி வர வேண்டியது 40,385 ரூபாய். இடையில் விழுந்த 16,385 ரூபாயை யாரும் திருடவில்லை. மூன்று இடங்களில் பேனா கொஞ்சம் சறுக்கியது, அவ்வளவுதான்.

முதல் சறுக்கல் முப்பதால் வகுத்தது. மாதச் சம்பளக்காரருக்கு கிராஜுவிட்டி கணக்கிடும்போது மாதத்துக்கு 26 நாள் என்றே கொள்ள வேண்டும். ஞாயிறுகளைக் கழித்தால் மிஞ்சுகிற வேலைநாள் அதுதானே. இந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. 1980-இல் திக்விஜய் உல்லன் மில்ஸ் வழக்கிலும், 1984-இல் ஜீவன்லால் வழக்கிலும் நீதிமன்றம் 26-ஐத்தான் ஏற்றது. 1987-இல் நாடாளுமன்றம் சட்டத்திலேயே விளக்கமாக எழுதி வைத்தது: மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கு. அதற்குப் பிறகு முப்பது போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

இரண்டாவது, ஆறு வருடம் என்று நிறுத்தியது. அவர் வேலை பார்த்தது ஆறு வருடமும் எட்டு மாதமும். கடைசி வருடத்தில் ஆறு மாதத்தைத் தாண்டிவிட்டால் அது முழு வருடம். ஆக ஏழு.

மூன்றாவதுதான் புதியது. உங்களில் பலர் இன்னும் பழைய பழக்கத்தில் இருப்பது இதில்தான். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன. 1972-இன் கிராஜுவிட்டி சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புத் தொகுப்புக்குள் போய்விட்டது. அதில் "ஊதியம்" என்றால் என்ன என்பதற்கு ஒரே விளக்கம். வாடகைப் படி, போக்குவரத்துப் படி, ஓவர்டைம், கமிஷன் மாதிரியான சிலவற்றை ஊதியத்திலிருந்து ஒதுக்கலாம். ஆனால் ஒதுக்குகிற மொத்தம் சம்பளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. தாண்டினால், தாண்டிய பகுதி திரும்ப ஊதியத்தில் வந்து சேரும். நம் கணக்கில் ஒதுக்கியது 12,000, பாதி 10,000. மிஞ்சிய 2,000 ரூபாய் அடிப்படையோடு சேர்ந்து ஊதியம் 10,000 ஆகிறது. 10,000-ஐ 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, ஏழால் பெருக்குங்கள். 40,385.

அடிப்படைச் சம்பளத்தைக் குட்டையாக வைத்துப் படிகளை நீட்டுவது பி.எஃப். கட்டுவதைக் குறைக்க நாம் எல்லோரும் கற்றுக்கொண்ட வித்தை. ஆடிட்டர் சொன்னார், செய்தோம். சட்டம் இப்போது அதற்கு ஒரு கூரை போட்டிருக்கிறது. "ஸ்பெஷல் அலவன்ஸ்" என்று ஒரு புதுத் தலைப்பைக் கண்டுபிடித்தும் தப்ப முடியாது. ஒதுக்கலாம் என்று சட்டம் பெயர் சொல்லாத படி எதுவும் ஊதியம்தான்.

இந்த மூன்றையும் உங்கள் தாளில் எழுதியிருந்தால், அந்தப் பெண் வீட்டுக்குப் போய் கல்லூரி படிக்கும் தம்பியிடம் காட்டியிருப்பார். "ஏன்க்கா முப்பதால வகுத்திருக்காங்க?" என்று அவன் கேட்டிருப்பான். வெறும் 24,000 என்று மட்டும் எழுதியிருந்தால் அவனால் என்ன கேட்க முடியும்?

புதுச்சேரி மண்ணுக்குத் தொழிலாளர் உரிமை புதிதில்லை. 1936 ஜூலை 30 அன்று புதுச்சேரி சவானா மில்லில் பிரெஞ்சுப் போலீஸ் சுட்டதில் பன்னிரண்டு பேர் செத்தார்கள். அந்தப் போராட்டத்தின் பின்னால்தான் பிரெஞ்சிந்தியாவில் எட்டு மணி நேர வேலை வந்தது. காரைக்காலும் அந்த பிரெஞ்சிந்தியாவின் துண்டுதான். ஆனால் அந்த வரலாறு மில் வாசலோடு நின்றுவிட்டது. ஆலைத் தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது. செட்டில்மென்ட் தாளை வாங்கிப் பார்த்து, "இந்த இடத்துல தப்பு" என்று சொல்ல ஒரு செயலாளர் இருந்தார். அப்படியிருந்தும் 2020-இல் புதுச்சேரியின் ஏ.எஃப்.டி. பஞ்சாலை மூடியபின் தங்கள் பணத்துக்காகத் தொழிலாளிகள் தெருவில் நிற்க வேண்டியிருந்தது. ஜவுளிக்கடைப் பெண்ணுக்கோ, நர்சரி பள்ளி ஆசிரியைக்கோ, லாட்ஜ் ரூம்பாய்க்கோ அப்படி யாரும் இல்லை. இருக்கிற ஒரே ஆள் எதிரில் கால்குலேட்டரோடு உட்கார்ந்திருக்கும் நீங்கள்தான்.

இதே ஊரில் பிரான்ஸ் பென்ஷன் வாங்கும் குடும்பங்களைப் பாருங்கள். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்திருப்பார். பாட்டி வருஷா வருஷம் உயிரோடு இருப்பதற்குச் சான்று அனுப்புவார். ஒவ்வொரு தாளும் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். பக்கத்து வீட்டுப் பையன் பத்து வருடமாகக் கடையில் வேலை பார்க்கிறான், அவனிடம் சேர்ந்ததற்கு ஒரு நியமனக் கடிதம்கூட இல்லை. நியமனக் கடிதம் கொடுப்பது இப்போது கட்டாயம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சேர்ந்த தேதி எழுத்தில் இல்லாமல் கிராஜுவிட்டிக் கணக்கை எங்கிருந்து ஆரம்பிப்பீர்கள்?

அடுத்து ஐந்து வருடம் என்ற எல்லை. "நாலே முக்கால் வருஷம்தானே ஆச்சு, கிராஜுவிட்டி கிடையாது" என்று சொல்லி அனுப்பப்பட்ட நர்ஸுகளை நான் பார்த்திருக்கிறேன். 1998-இல் சென்னை உயர் நீதிமன்றம் மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சொன்னதை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை: நான்கு வருடம் முடித்து ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தால் ஐந்து வருடத் தொடர் சேவை ஆகிவிடும். புதுச்சேரி யூனியன் பிரதேசத்துக்கும் சென்னை உயர் நீதிமன்றமே உயர் நீதிமன்றம் என்பதால் இந்தத் தீர்ப்பு நமக்கு வெளியூர்ச் சமாச்சாரம் ஆகாது. அந்த 240-இல் சம்பளத்தோடு எடுத்த விடுப்பும் பிரசவ விடுப்பும் சேரும். வாரத்தில் ஐந்து நாள் மட்டும் இயங்கும் அலுவலகம் என்றால் 190 நாளே போதும். வேலையில் இருக்கும்போது இறந்தவருக்கும், ஊனமாகி வேலையை விட்டவருக்கும் ஐந்து வருடக் கணக்கே கிடையாது. குறிப்பிட்ட காலத்துக்கு என்று ஒப்பந்தம் போட்டுச் சேர்த்தவர்களுக்கும் இப்போது ஒரு வருடம் முடித்தாலே அந்த அளவுக்குக் கிராஜுவிட்டி உண்டு. "ஒரு வருஷ கான்ட்ராக்ட்" என்று எழுதி வாங்கினால் தப்பிக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு இது எதிர்பாராத திருப்பம்.

பள்ளி அலுவலகங்களில் இருக்கும் நண்பர்களிடம் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. "டீச்சருக்கெல்லாம் கிராஜுவிட்டி கிடையாது" என்ற பேச்சு எங்கிருந்து வந்தது தெரியுமா? 2004-இல் அகமதாபாத் தனியார் தொடக்கப் பள்ளி ஆசிரியர் சங்க வழக்கில், அன்றைய சட்டத்தில் "ஊழியர்" என்ற விளக்கத்துக்குள் ஆசிரியர் வரமாட்டார் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் 2009-இல் நாடாளுமன்றம் அந்த விளக்கத்தையே திருத்தியது. திருத்தம் 1997 ஏப்ரல் 3-லிருந்து பின்தேதியிட்டு அமலுக்கு வந்தது. தனியார் பள்ளிகள் அதை எதிர்த்து வழக்காடின. 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் திருத்தம் செல்லும் என்று தீர்த்துவிட்டது. ஆக உங்கள் பள்ளியில் இருபது வருடம் தமிழ் நடத்தி மே மாதத்தில் விலகும் அம்மாவுக்குப் பொன்னாடையும் பரிசுத் தட்டும் மட்டும் கொடுத்து அனுப்புவது மரியாதையாகத் தெரியலாம். கணக்குப்படி பெரிய பாக்கி நிற்கிறது.

இப்போது நம்மூரின் தனி விசேஷத்துக்கு வருகிறேன். தெற்கே வாஞ்சூரைத் தாண்டினால் நாகூர், நாகப்பட்டினம் மாவட்டம். வடக்கே பூவம் தாண்டினால் மயிலாடுதுறை மாவட்டம். மேற்கே அம்பகரத்தூரைக் கடந்தால் திருவாரூர். மூன்று பக்கமும் தமிழ்நாடு, ஒரு பக்கம் கடல். நாகூரில் வீடு, காரைக்காலில் வேலை என்று தினம் பஸ்ஸில் வருகிறவர் எத்தனை பேர்! அவர்கள் எந்த ஊர்ச் சட்டம் என்று குழம்பத் தேவையில்லை. வீடு எங்கே என்பது கணக்கில்லை. வேலை செய்யும் இடம்தான் கணக்கு. காரைக்கால் கடைக்குப் புதுச்சேரியின் கடைகள் நிறுவனங்கள் சட்டமும் புதுச்சேரியின் குறைந்தபட்சக் கூலியும்தான். நாகப்பட்டினக் கடைக்குத் தமிழ்நாட்டுடையது.

ஆனால் ஒரே முதலாளிக்குக் காரைக்காலிலும் நாகப்பட்டினத்திலும் கிளை இருந்தால்? இங்கே பலர் வழுக்குகிறார்கள். ஒன்றுக்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளை உள்ள நிறுவனம் என்றால், கிராஜுவிட்டி விஷயத்தில் 1972 சட்டம் தொட்டே பொறுப்பு மத்திய அரசுக்கு. யூனியன் பிரதேசமும் இந்தக் கணக்கில் மாநிலம்தான். தஞ்சாவூர்க்காரருக்குத் திருச்சியில் கிளை திறந்தால் இந்தச் சிக்கல் வராது. நமக்கோ பஸ் ஏறி அரை மணி நேரத்தில் வந்துவிடும். கிளை மாற்றிப் போட்டதால் அவருடைய பழைய சேவை அழிந்துவிடாது என்பதையும் நினைவில் வையுங்கள். காரைக்காலில் மூன்று வருடம், நாகையில் மூன்று வருடம் என்றால் ஒரே முதலாளியிடம் ஆறு வருடம். "அந்தக் கடைக் கணக்கு வேற, இந்தக் கடைக் கணக்கு வேற" என்பது டாலியில் வேண்டுமானால் சரி.

கான்ட்ராக்டர் ஆபீஸ் நண்பர்களே, உங்களுக்கும் இதே பிரிவினை உண்டு. எண்ணெய் வயல்கள் மத்திய அரசின் வரம்பு. ஆகவே ஓ.என்.ஜி.சி. வேலைக்கு ஆள் அனுப்பும் கான்ட்ராக்டரின் தகராறு போகும் இடம் மத்தியத் தொழிலாளர் ஆணையர் தரப்பு. வாஞ்சூர்த் துறைமுகம் மத்திய அரசின் "பெருந்துறைமுகங்கள்" பட்டியலில் இல்லாத தனியார் துறைமுகம். அங்கே வேலை பார்ப்பவரின் புகார் புதுச்சேரித் தொழிலாளர் துறைக்கு. கான்ட்ராக்டர் மாறினாலும் அதே வாசலில் அதே வேலையை வருடக்கணக்காகச் செய்யும் ஆட்கள் நம்மூரில் ஏராளம். கான்ட்ராக்டர் கை விரித்தால், பிரதான நிறுவனமே கிராஜுவிட்டியைக் கொடுத்துவிட்டு அவரிடம் பிறகு வசூலித்துக்கொள்ளட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2012-இல் சொன்னது மேட்டூர் அனல் மின் நிலைய வழக்கில். கிராஜுவிட்டிச் சட்டத்துக்கும் மேட்டூருக்கும் அப்படி என்ன உறவோ!

கழிப்பதைப் பற்றியும் பேச வேண்டும். கூட்டும்போது காட்டாத கைத்திறமை கழிக்கும்போது நமக்கு வந்துவிடுகிறது. மீதமுள்ள விடுப்புக்குப் பணம் தரும்போது நாள் சம்பளத்தை முப்பதால் வகுத்துக் கண்டுபிடிக்கிறோம். நோட்டீஸ் கொடுக்காத நாளுக்குப் பிடிக்கும்போது இருபத்தாறால் வகுக்கிறோம். ஒரே தாளில் ஒரே ஆளுக்கு இரண்டு நாள் சம்பளம். எந்த எண்ணால் வகுக்கிறீர்கள் என்று எழுதிவிட்டால் இது ஒரே பார்வையில் வெளிச்சமாகிவிடும். எழுதாமல் இருப்பதற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை.

ஸ்டாக் குறைந்தது என்று விலகுகிறவர் தலையில் ஒரு பங்கு கட்டுவதும் நடக்கிறது. நஷ்டம் அவருடைய கவனக்குறைவால் நேராக வந்தது என்று இருந்தால்தான் பிடிக்கலாம். பிடிக்கும் முன் அவர் பதில் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். ஒரு சம்பளக் காலத்தில் எல்லாப் பிடித்தமும் சேர்ந்து ஊதியத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. கிராஜுவிட்டி இன்னும் இறுக்கமானது. வன்முறை, ஒழுக்கக்கேடான குற்றம், வேண்டுமென்றே செய்த சேதம் போன்ற காரணத்துக்காக வேலையிலிருந்து நீக்கப்பட்டவருடையதைத்தான் தொட முடியும். தானாக ராஜினாமா கொடுத்தவர் நோட்டீஸ் கொடுக்கவில்லை என்பதற்காக அதிலிருந்து ஒரு பைசா குறைக்க வழி இல்லை.

போனஸை மறந்துவிடுகிறோம். தீபாவளிக்குத் தருவது என்ற பழக்கத்தால், தீபாவளிக்கு முன் விலகியவருக்கு அது கிடையாது என்றே முடிவு கட்டிவிட்டோம். சட்டம் தீபாவளியைப் பார்ப்பதில்லை. போனஸ் சட்டத்துக்குள் வரும் நிறுவனம் என்றால், அந்தக் கணக்காண்டில் முப்பது நாள் வேலை செய்திருந்தாலே, செய்த காலத்துக்குக் குறைந்தது 8.33 சதவீதம் அவருக்கு உண்டு. ஏப்ரலிலிருந்து ஜனவரி வரை பில் போட்ட அந்தப் பெண் பத்து மாதப் போனஸை விட்டுவிட்டுப் போகிறார் என்பது அவருக்கே தெரியாது.

எப்போது கொடுப்பது? "நாற்பத்தைந்து நாள் கழிச்சு வாங்க" என்பது வேதவாக்கு மாதிரி ஆகிவிட்டது. நான்கு தொகுப்புகளில் இன்னொன்றான ஊதியத் தொகுப்பின்படி சம்பள பாக்கியை இரண்டு வேலைநாளுக்குள் தர வேண்டும். பழைய சட்டம் முதலாளி நீக்கினால்தான் அப்படிச் சொன்னது. இப்போது தானாக விலகியவருக்கும் அதே. நம் உதாரணத்துப் பெண் ஜனவரி 31 சனிக்கிழமை விலகினார். ஞாயிறு விடுமுறை. பிப்ரவரி 3-ஆம் தேதிக்குள் பணம் போயிருக்க வேண்டும். கிராஜுவிட்டிக்கு முப்பது நாள் அவகாசம். அதைத் தாண்டினால் தாமதத்துக்கு வட்டி சேரும். அவர் விண்ணப்பம் கொடுக்கவில்லை என்பது சாக்காகாது. கணக்குப் போட்டுத் தொகையைத் தெரிவிப்பது முதலாளியின் கடமை, நடைமுறையில் உங்களுடையது.

"எல்லாம் சரிங்க, முதலாளி சொல்ற தொகையத்தானே நாங்க எழுத முடியும்?" என்று கேட்பீர்கள். உங்கள் சம்பளமும் அதே கல்லாப்பெட்டியிலிருந்துதான் வருகிறது. வேலையைப் பணயம் வைத்துப் புரட்சி செய்யச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் முதலாளியிடம் தாளை நீட்டுகிற விதத்தில் உங்களுக்கு ஒரு இடம் இருக்கிறது. தொகையை அவர் சொல்லட்டும் என்று காத்திருக்காமல், முழுக் கணக்கையும் போட்டு முன்னால் வையுங்கள். 40,385 என்று எழுதியிருப்பதை அடித்து 24,000 ஆக்குவது, யோசிக்காமல் 24,000 சொல்வதைப் போல எளிதில்லை. அவருக்குச் சொல்ல இன்னொரு நல்ல காரணமும் உண்டு. சம்பளம் வரவில்லை என்று ஒருவர் கேட்டால், கொடுத்தோம் என்று நிரூபிக்கும் பாரம் இப்போது முதலாளி மேல். கேட்பதற்கு மூன்று வருட அவகாசம். "எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதி வாங்கிய வரி அங்கே நிற்காது, சட்டம் தரும் உரிமையை ஒப்பந்தத்தால் விட்டுக்கொடுக்க முடியாது. வரிவரியாக எழுதிய தாள் மட்டுமே அன்றைக்கு அவரைக் காப்பாற்றும். அதிகாரிக்கு முன்னால் பேந்தப் பேந்த விழிக்கப் போவது முதலாளி இல்லை, பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு போகும் நீங்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

தாள் தமிழில் இருக்கட்டும். சேர்ந்த தேதி, விலகிய தேதி, ஊதியம் எவ்வளவு என்று எடுத்துக்கொண்டீர்கள், எதால் வகுத்தீர்கள், மீதி விடுப்பு எத்தனை நாள், போனஸ், கிராஜுவிட்டி, ஒவ்வொரு பிடித்தத்துக்கும் காரணம், எல்லாம் தனித்தனி வரியாக. இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று அவருக்கு. பணத்தை வங்கிக் கணக்கில் போடுங்கள்.

கடைசியாக பி.எஃப். தளத்தில் அவர் விலகிய தேதியை ஏற்றிவிடுங்கள். அது ஏறாத வரை பழைய பணத்தை எடுப்பதும் புது இடத்துக்கு மாற்றுவதும் சிக்கல். இரண்டு மாதம் கழித்து அவரே ஏற்றிக்கொள்ளலாம் என்றாலும், அதற்குள் எத்தனை முறை உங்களுக்குப் போன் செய்வார் என்று யோசியுங்கள். பிறந்த தேதி, ஆதாரில் உள்ள பெயர், தகப்பனார் பெயர் மூன்றையும் அவர் எதிரில் இருக்கும்போதே சரிபார்த்துவிட்டு அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்களைப் போலவே கணக்கு எழுதிப் பிழைத்த ஒருவர்,
காரைக்கால்.

பின்குறிப்பு: வேலையை விட்ட அன்றே இ.எஸ்.ஐ. அட்டை செத்துவிடாது. கட்டிய சந்தாவுக்கான பலன்காலம் பிறகுதான் வரும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டியதற்கு அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை. அட்டையைத் திருப்பி வாங்கி டிராயரில் போட்டுக்கொள்ளும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதை அவரிடமே கொடுத்துவிடுங்கள்.